ஆறரைக்கு வருகிறவர்கள்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை தெரிந்தால் சொல்லுங்கள். காலையில் இருவர் ஒன்றாகப் புறப்படுவார்கள். சாயங்காலம் ஒருவர் முந்தி வருவார், ஒருவர் பிந்தி வருவார். முந்தி வந்தவருக்குப் பசிக்காது, பிந்தி வந்தவருக்குப் பேச்சு வராது. வாசலில் இருவரும் சேர்ந்தால் ஒரே ஆள். யார் அவர்?

இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லாதீர்கள், கடிகார முள் என்றும் சொல்லாதீர்கள். இதையே தாம்பரத்துக்குத் தெற்கே, புன்னைவன நகரில் வளரும் ஒரு பிள்ளையிடம் கேட்டால், வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே, அந்த வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து, "அம்மா" என்றோ "அப்பா" என்றோ சொல்லிவிடும்.

புன்னைவன நகரில் புன்னை மரம் கிடையாது, வனமும் கிடையாது. வயலாக இருந்த இடத்தை ஒருவர் வாங்கி, தன் எல்லை எதுவரையோ அதுவரை மட்டும் நான்கு தெருக்கள் போட்டு, சுற்றிலும் மதில் எழுப்பி, நெடுஞ்சாலையைப் பார்த்து ஒரே ஒரு வளைவு வைத்து, ஐம்பத்திரண்டு மனைகளை விற்றுவிட்டுப் போனார். பக்கத்து வயலை வேறொருவர் வாங்கி அவரும் தன் எல்லைவரை தெருப் போட்டு, தன் மதிலை எழுப்பி, தன் வளைவை வைத்தார். அதற்கடுத்ததை மூன்றாமவர் வாங்கினார். ஒருவர் தெரு இன்னொருவர் தெருவோடு எந்த இடத்திலும் சேரவில்லை. ஒரே கொடியில் துணி காயப்போடும் தூரத்தில் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமென்றால், ஒரு வளைவு வழியாக வெளியேறி, நெடுஞ்சாலையில் வண்டிகளோடு வண்டியாகப் போய், இன்னொரு வளைவு வழியாக உள்ளே வர வேண்டியிருந்தது.

ஆனாலும் முதல் சில வருடங்கள் யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் நகரின் பின்பக்கம் திறந்திருந்தது. அங்கே இன்னும் விற்காத ஒரு வயல் கிடந்தது. அதன் நடுவில் காலடி பட்டுப் பட்டு வெளுத்த ஒற்றையடிப் பாதை ஒன்று ஏரிக்கரை ஓரமாக மேடவாசல் ரயில் நிலையத்துக்குப் போனது. ஆறு பன்னிரண்டு ரயிலில் இறங்குகிறவர்கள் அந்தப் பாதையில் பேசிக்கொண்டே நடந்தால் பதினெட்டு நிமிடம். ஆறரைக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிடலாம்.

பிறகு அந்த வயலும் விற்றது. அங்கே வில்லாக்கள் வந்தன, வில்லாக்களைச் சுற்றி ஒன்பது அடி உயரத்தில் வெள்ளை மதில் வந்தது. ஒரு தை மாதத்தில் மதிலின் கடைசிக் கல்லை வைத்துப் பூசினார்கள். அன்றிலிருந்து ஆறு பன்னிரண்டு ரயிலில் இறங்குகிறவர்கள் ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை அதில் காத்திருந்து, நெடுஞ்சாலைச் சந்திப்பில் இறங்கி, அங்கே பேருந்துக்காகக் காத்திருந்து, அந்தப் பேருந்தில் தங்கள் சொந்த நகரின் வளைவைச் சாலையின் எதிர்ப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டே கடந்து, நடுத் தடுப்புக்கு இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் மூன்று கிலோமீட்டர் தள்ளித் திரும்பி, வந்த வழியே ஊர்ந்து வந்து இறங்கினார்கள். முதலில் ஏழே முக்கால் ஆனது, நெடுஞ்சாலையில் இன்னும் இரண்டு வளைவுகள் முளைத்த பிறகு எட்டு, இன்னொன்று முளைத்த பிறகு எட்டே கால்.

கடைசிக் கல் வைத்த அன்று சாயங்காலம் சரியாக ஆறரைக்கு, புன்னைவன நகருக்கு முப்பத்தேழு நிழல்கள் வந்தன.

அவை எப்போதும் வருகிற வழியில்தான் வந்தன. பாதை இருந்த இடத்தில் மதில் இருந்தது, அவை மதிலுக்குள் புகுந்து வெளியே வந்தன. பாதை இருந்த இடத்தில் ஒன்பதாம் எண் வில்லாவின் கூடம் இருந்தது, அவை டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் வரிசையாகக் கடந்து வந்தன. வந்து, அவரவர் வீட்டில், அவரவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தன. விளக்கைப் போட்டாலும் அவை கலையவில்லை. ஆட்கள் ஏழே முக்காலுக்கு வந்தபோது, நெடுஞ்சாலை விளக்குகளுக்குக் கீழே அவர்கள் காலடியில் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் வாசலில் வந்து நின்றதும் உள்ளே இருந்த நிழல் எழுந்துபோய் அவர் காலோடு சேர்ந்துகொண்டது. சேர்ந்த பிறகுதான் அவருக்கு "சாப்டீங்களா?" என்று கேட்கவே வாய் வந்தது.

ஒரு வாரம் எல்லோரும் இதைப் பற்றிப் பேசினார்கள், இரண்டாம் வாரம் தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினார்கள். நகரின் நலச் சங்கம் கூடியது. செயலாளர் சுந்தரவரதன் ஓய்வுபெற்று வீட்டோடு இருப்பவர். அவருடைய நிழல் நாள் முழுக்க அவரோடேயே இருந்ததால், இந்த விஷயத்தில் அவர் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். சாயங்காலம் ஆறேகாலிலிருந்து ஆறரைவரை பின்தெருவில் பைக் நிறுத்தக் கூடாது என்று அவர் தீர்மானம் எழுதினார். வில்லாக்காரர்களுக்கும் ஒரு கடிதம் போனது. அவர்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள். ஒன்பதாம் எண் வீட்டில் ஆறு இருபத்தைந்துக்குக் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொள்வார்கள், அந்த வீட்டுக் குழந்தை ஒவ்வொரு நிழலுக்கும் டாட்டா காட்டும். வில்லாக்காரர்களின் சொந்த நிழல்கள் முந்தி வருவதில்லை. அவை காரில் போகிறவை, காரோடு சிக்னலில் மாட்டிக்கொண்டிருக்கும்.

இப்படியே வழக்கங்கள் வந்தன. வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கென்று ஒதுக்கினார்கள். பிந்தி வருகிறவரிடம் நிழல் சேரும்வரை யாரும் பேசக் கூடாது, வாசலில் ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் வைக்கலாம். மறுநாள் காலையில் வளைவுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறவர்கள் "நேத்து சேர்ந்துச்சா?" என்று விசாரித்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. ஆள் வருகிற நேரத்தை வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் ஆறரை என்றே சொல்ல வேண்டும். ஆள் உண்மையில் வந்து சேருகிற நேரத்துக்கு "மத்த நேரம்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் தெருவில் ஒருவர் இதை மறந்து, ஞாயிற்றுக்கிழமை தன் அக்காவிடம் போனில், "எங்க நேரம் இருக்குக்கா, வீட்டுக்கு வர்றப்ப எட்டே காலாயிடுது" என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து அவர் நிழல் முந்தி வரவில்லை. ரயிலில் அவரோடு இறங்கி, ஷேர் ஆட்டோவில் அவரோடு நசுங்கி, எட்டே காலுக்கு அவரோடேயே வந்தது. அவருக்கு அதில் குறை ஒன்றுமில்லை, ஆனால் அவருடைய இரண்டு பிள்ளைகளும் பல நாள் ஆறரைக்கு வாசலில் வந்து உட்கார்ந்து பின்தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெற்ற பிள்ளைகளை இப்படியா தனியாக விடுவது என்று நகர் முழுக்க அவரைப் பேசினார்கள்.

முதல் தெரு ஏழாம் எண் வீட்டில் கனிஷ்கா இருந்தாள். அவளுக்குப் பத்து வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பா கத்தாரில் ஏசி மெக்கானிக். அம்மா சுகந்தி நகரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க மற்றவர்கள் கையில் ஊசி குத்திவிட்டு வருகிறவள். பள்ளி விட்டதும் கனிஷ்கா பக்கத்து வீட்டு ரெஜினா ஆன்ட்டியிடம் இருப்பாள், ஆறரைக்குத் தன் வீட்டுக்குப் போய்விடுவாள், ஏனென்றால் ஆறரைக்கு அம்மாவின் நிழல் வந்துவிடும்.

நிழல் அவள் பக்கத்தில் உட்காரும். நிழலால் அடுப்புப் பற்ற வைக்க முடியாது, ஜடை பின்ன முடியாது. ஆனால் கணக்கில் தப்பு வந்தால் அதன் விரல் வந்து தப்பான எண்ணின்மேல் நிற்கும், அவள் திருத்தும்வரை நின்றுகொண்டே இருக்கும், அவசரப்படாது. அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எட்டே காலுக்கு வருகிற அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே தூங்கிவிடுவாள்.

ஒருநாள் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே சுகந்தி கேட்டாள்: "ஏண்டி கனி, நான் வர்றதுக்கு முன்னாடி நான் வந்து என்னதான் பண்றேன்?"

"சும்மா உக்காந்திருப்ப."

"உன்னத் திட்டுவனா?"

"திட்டவே மாட்ட."

"அவ குடுத்து வச்சவ" என்றாள் சுகந்தி. மாவை மூடி வைத்துவிட்டு, "போன் பாக்கறப்பகூடத் திட்ட மாட்டனா?" என்று கேட்டாள்.

"போன் மேல வந்து உக்காந்துக்குவ. அப்புறம் ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது."

சுகந்தி சிரித்தாள். சிரிப்பு வர இரண்டு நொடி தாமதமானதைக் கனிஷ்கா கவனித்தாள்.

அவள் இதையெல்லாம் கவனிக்கிற பிள்ளை. முதல் வருடம், வளைவுப் பக்கம் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கும்போதே நிழல் எழுந்துவிடும். பிறகு கேட்டின் தாழ்ப்பாள் திறக்கும்போது எழுந்தது. பிறகு அம்மா வாசலில் வந்து நின்ற பின்னும் உட்கார்ந்திருந்தது. கனிஷ்கா மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பத்து எண்ணுவதற்குள் எழுந்தது, பிறகு நாற்பது. கிழக்கே இன்னொரு மனைப்பிரிவுக்கு வளைவு கட்டத் தூண் எழுப்பிய வாரத்தில், வாசலில் அம்மா பையைத் தோளிலிருந்து இறக்காமல், கண் திறந்தபடி, யாருடைய வீடு என்று தெரியாதவள் போல நின்றுகொண்டிருக்க, கனிஷ்கா அறுபத்தொன்றுவரை எண்ணினாள்.

எண்ணுவதற்குக் காரணம் ரெஜினா ஆன்ட்டி வீட்டில் இருந்தது. அங்கே கூடத்து நாற்காலியில் பாக்கியநாதன் அங்கிளின் நிழல் எந்த நேரமும் உட்கார்ந்திருந்தது. அவர் துணிக்கடையில் வேலை பார்க்கிறவர், அவருடைய மத்த நேரம் பத்து மணி. போன ஆவணியில் ஒருநாள் அவர் வந்து வாசலில் நின்றபோது நிழல் எழுந்திருக்கவே இல்லை. அவர் உள்ளே வந்து அதன்மேல் காலை வைத்துப் பார்த்தார், அது தண்ணீர் மாதிரி விலகிக்கொண்டது. மறுநாள் அவர் வேலைக்குப் போனார். காலடியில் ஒன்றுமில்லாதவருக்கு எங்கே இறங்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. பேருந்தில் டெப்போவரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தார், கண்டக்டர்கள் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் குடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஜினா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவர் மரியாதையாக, "நீங்க யாருங்கம்மா?" என்று கேட்பார்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு நீங்க எண்ணுனீங்களா?" என்று கனிஷ்கா ஒருமுறை கேட்டாள்.

ரெஜினா நாற்காலியின் எதிரில் தட்டு வைத்து இரண்டு தோசை போட்டாள். ஆறியதும் அவளே எடுத்துச் சாப்பிடுவாள்.

"முந்நூறு வரைக்கும் எண்ணுனேன். அப்புறம் எண்ணல."

"மத்த நேரத்தச் சொல்லியிருந்தா, நிழல் அவரோடயே வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும். பத்து மணி வரைக்கும் நான் யாரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?" ரெஜினா நாற்காலிப் பக்கம் பார்த்தாள். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? இருக்காருல்ல. வீட்லதான இருக்காரு."

தூண் எழுப்பிய அதே வாரம்தான் பயணக் கணக்கெடுப்பு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பும் ஒருமுறை வந்தது. அப்போது கம்பத்தில் ஒரு கருவியைக் கட்டி, யார் யார் எந்த வழியாக வருகிறார்கள் என்று எண்ணினார்கள். "மாலை ஆறேகால் முதல் ஆறரைவரை முப்பத்தேழு பேர் பின்பக்கமாக நடந்தே வீடு சேர்கிறார்கள், எனவே பேருந்தோ புதிய வழியோ தேவைப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. சுந்தரவரதன் அதைச் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். நம் நகரைப் பற்றி அரசாங்கமே நல்லபடி எழுதியிருக்கிறது என்று கைதட்டினார்கள்.

கணக்கெடுக்க ஆள் வருகிறது என்று தெரிந்த அன்று, நிழல் சேர்ந்த பிறகு, சுகந்தி மகளிடம் சொன்னாள்: "யாராவது வந்து கேட்டா ஆறரைன்னு சொல்லிடு, கனி."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அந்த நிழலாவது ஆறரைக்கு வரட்டுமே உனக்கு. நீ தனியா இருப்பன்னு நெனச்சா எனக்கு அங்க ஊசி குத்த கை வராது."

"இன்னிக்கு அறுபத்தொண்ணும்மா."

"என்ன அறுபத்தொண்ணு?"

கனிஷ்கா சொல்ல வாயெடுப்பதற்குள், கேட்டதையே சுகந்தி மறந்திருந்தாள். அடுத்த நாள் கனிஷ்கா தொண்ணூறுவரை எண்ணினாள்.

அதற்கும் அடுத்த நாள், ஆறே முக்காலுக்கு, தமீம் என்ற கணக்கெடுப்பாளர் ஏழாம் எண் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், நாள் முழுக்க நடந்த கால். கனிஷ்கா கதவைத் திறந்தாள்.

"வீட்ல பெரியவங்க இல்லையா பாப்பா?"

"இருக்காங்க" என்று கனிஷ்கா நாற்காலியைக் காட்டினாள்.

தமீம் எட்டிப் பார்த்து, நிழலுக்கு வணக்கம் வைத்தான். "அவங்க பேச மாட்டாங்கல்ல. பத்து வயசு முடிஞ்சிருந்தா நீயே சொல்லலாம். முடிஞ்சிடுச்சா?"

"போன மாசம்."

"அப்ப சரி." அவன் படியில் உட்கார்ந்தான். வாசல் விளக்கு அவன்மேல் நேராக விழுந்தது, படியில் அவனுக்குக் கீழே ஒன்றும் விழவில்லை. கனிஷ்கா பார்ப்பதை அவன் பார்த்தான். "என்னோடது ஊர்ல இந்நேரம் வீட்ல இருக்கும். எம் பொண்ணுக்கு ரெண்டு வயசு. அது எம்மேல படுத்துத் தூங்குமாம், அவங்கம்மா சொன்னா."

அவன் கேட்க ஆரம்பித்தான். வீட்டில் எத்தனை பேர், வண்டி உண்டா, அம்மா எங்கே வேலை, எதில் போகிறார்கள். கனிஷ்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நடுவில் அவள், "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள்.

"மேப்ல போடுவாங்க. லேட்டா வர்ற எடமெல்லாம் செவப்பு, சீக்கிரம் வர்ற எடமெல்லாம் பச்சை. செவப்பா இருந்தா மினி பஸ் விடுவாங்க, இல்ல மதில்ல ஒரு வழி கேப்பாங்க. விடலாம், விடாமலும் போலாம், அது எங்கையில இல்ல." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். புன்னைவன நகர் புல்லைப் போலப் பச்சையாக இருந்தது. "அம்பத்தொரு வீடு முடிஞ்சுது. எல்லாரும் ஒரே பதில். உங்க வீடுதான் கடைசி."

"நான் வெளிய தெருவுக்கு வந்து சொன்னா உள்ள நிழலுக்குக் கேக்குமா?"

தமீம் கதவை விரலால் தட்டிப் பார்த்தான். "ஒம்பது அடிச் செவுத்துக்குள்ள பூந்து வர்றது. இந்தக் கதவா தடுக்கப்போகுது?"

கனிஷ்கா உள்ளே போனாள். நாற்காலியின் பக்கத்தில், தான் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். கணக்கு நோட்டு திறந்தே இருந்தது. அதில் நான்காவது கணக்கில் தப்பு இருந்தது, விரல் அதன்மேல் நின்றிருந்தது. அவள் அந்த எண்ணை அழித்துவிட்டுச் சரியானதை எழுதினாள். விரல் விலகியது. பிறகு நிழல் முழுதாக அவள் பக்கம் சாய்ந்து, அவள் கையும் நோட்டும் பென்சிலும் அதற்குள் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டது. தினமும் வீட்டுப்பாடம் முடிந்ததும் அது அப்படித்தான் உட்காரும்.

அடுத்த வீட்டிலிருந்து தோசை சுடும் சத்தம் வந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

"கடைசிக் கேள்வி" என்றான் தமீம் படியிலிருந்து. "அம்மா எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவாங்க?"

கனிஷ்கா, "எட்டே கால்" என்றாள்.